முப்பத்தொன்றாம் குழி

பைரிக்கி, தராவா
9 பிப்ரவரி 2009

அன்புள்ள ரகேரா அக்காவுக்கு,

மௌரி. நீயும் உன் மகள் தைனாவும் சுகமா? எனக்குச் சளி பிடித்துப் பத்து நாளாகிறது. ஒரே கிணற்றைச் சுற்றி இருபது வீடு இருந்தால் வேறென்ன பிடிக்கும்.

நீ விமானத்தில் கொடுத்துவிட்ட பபாய்க் கிழங்கு இரண்டும் பழுதில்லாமல் வந்தன. அறையில் இருக்கும் மூன்று பேரும் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரே நாளில் தின்று தீர்த்தோம். ருசி கொஞ்ச காலமாகவே மாறியிருக்கிறது. நம் குழிக் கிழங்கில் ஒரு பிசுபிசுப்பு இருக்குமே, அது இல்லை. இப்போது என்ன இலை உரம் போடுகிறாய்? வெளியாள் கேட்டால்தான் தப்பு, நான் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். வானத்திலிருந்து எடுத்த படம் வரும். கணினி முதலில் நிறத்தைப் பார்த்துத் தானே பிரித்துவிடும். பிறகு நாங்கள் திருத்துவோம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எண். ஒன்று தென்னை, இரண்டு தாழை, மூன்று பயிர், நான்கு வீடு, ஐந்து வெறும் மணல், ஆறு அலையாத்தி, ஏழு தேங்கிய நீர். எங்களுக்கு மேலே இருக்கும் ஆஸ்திரேலிய நிபுணர் கிரெய்க், "எட்டாவதா ஒண்ணு உங்க நாட்டுல கிடையாது" என்பார். சிரிக்க வேண்டும். சிரிப்போம்.

சுழல் நாற்காலி உண்டு. குளிர்சாதனம் உண்டு. டிசம்பர் வரை ஒப்பந்தம். நம் அபெமாமாத் தீவு முழுவதையும் முடித்துவிட்டோம். நம் ஊரை மேலிருந்து பார்த்தேன். ஊர்க்கூட்டம் கூடும் மனேயபாவின் கூரை ஓர் அரிசி அளவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் ஆட்களிடம் சுட்டிக் காட்டினேன்.

நாலு வருடமாக வரவில்லை என்று திட்டாதே. இந்த வருடம் பார்க்கலாம்.

நீ நலமாக இருக்க வேண்டும்.
உன் தம்பி பௌரோ

---

அபெமாமா
27 பிப்ரவரி

அன்புள்ள தம்பி பௌரோ,

மௌரி. சளிக்குக் காலையில் இளங்கள் குடி. கடையில் விற்கும் இனிப்புத் தண்ணீரைக் குடிக்காதே. தைனாவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. மற்றபடி நலம்.

உன் வரைபடம் தீவு மன்றத்துக்கு வந்துவிட்டது. எழுத்தர் தபேரா கூப்பிட்டுக் காட்டினான். ஊரே போய் நின்றது. பெரியவர் தெகாயி மூக்கு தாளில் படும்படி குனிந்து தேடினார்.

"என்னடா இது, ஊருக்கு நடுவுல குளம் வெட்டியிருக்கீங்க?"

"அது குளமில்ல பெரியவரே. ஏழு."

"ஏழுன்னா என்ன, திங்கிற பொருளா?"

"தேங்கின தண்ணின்னு அர்த்தம்."

"தேங்கின தண்ணியிலதான் நீ வளந்தியா? உங்கம்மா கேட்டா உன்னைச் செருப்பாலயே அடிப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஊரின் நாற்பத்து மூன்று பபாய்க் குழிகளும் ஒரே சாம்பல் நீலப் பட்டையாகக் கிடக்கின்றன. பாறையை உடைத்து ஆள் உயரத்துக்கும் அதிக ஆழமாகத் தோண்டி, அடியில் முழங்காலளவு நல்ல தண்ணீரில் சேம்பு நிற்கும் குழிகள். அவை தேங்கிய நீராம்.

போன வருடம் சரிபார்க்க வந்தவன் வடக்கூர் கைட்டு. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். பாதையிலேயே நின்று எழுதிக்கொண்டு போனான். ஊர் வழக்கப்படி ஒருவர் குழிக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் அவை பபாய்க் குழிகள் என்று அவனுக்குத் தெரியும். பிறகு எப்படி இந்தத் தப்பு நடந்தது?

வரைபடத்தின் கீழ் மூலையில், வரைந்தவர் என்று போட்டு ஒரு கையெழுத்து இருக்கிறது. கோழி கிளறினதுபோல் கிடக்கிறது. அது யாருடையது என்று கேட்டு எழுது.

உரம் எப்போதும் போடுவதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ரகேரா

---

பைரிக்கி
20 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. சளி போய்விட்டது. தைனாவின் பல்லைக் கூரைமேல் எறிந்தீர்களா? நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ சொன்னதைப் பார்த்தேன். கைட்டுவின் தாளில் 'தண்ணீர், பெரிய இலைகள், பாதையிலிருந்து பார்த்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மரியாதை பார்த்து எழுதுவதற்கா அவனுக்கு நாள் கூலி?

பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வரைபடம் வரைபடம்தான். அதைப் பார்த்து யாரும் மண்வெட்டி எடுக்கப்போவதில்லை. பெரியவர் தெகாயிக்கு ஒரு கட்டுப் புகையிலை அனுப்புகிறேன், கொடுத்துவிடு.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
பௌரோ

---

அபெமாமா
14 ஏப்ரல்

தம்பி பௌரோ,

மௌரி. உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு முதுகுவலி. பாய் முடைந்து முடைந்து வந்தது. தைனா நலம்.

மண்வெட்டி இல்லை, தோணி வருகிறது. தெற்கூரில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்று பிழைக்கவில்லை. அதற்காக எங்கிருந்தோ பணம் வந்திருக்கிறது. வீடுகளிலிருந்து இருநூறு மீட்டருக்குள் ஏழு என்று போட்ட இடத்தையெல்லாம் காயல் மணல் கொண்டு நிரப்பப் போகிறார்கள். எந்த இடம் ஏழு என்று எப்படித் தெரியும்? உன் வரைபடத்தைப் பார்த்துத்தான்.

தபேராவிடம் போய் நின்றோம்.

"இது குழிடா. உன் வீட்டுக் குழியும் இதுல இருக்கு."

"எனக்குத் தெரியாதா அக்கா? நேத்து ராத்திரி அதுல புடுங்கினதைத்தான் காலையில தின்னேன்."

"அப்போ நிரப்பாதேன்னு எழுது."

"நான் எழுதினா செல்லாது. தராவாவுல தாள் மாறணும்."

அதிலேயே விளைந்ததைத் தின்றவன் சொன்னால் செல்லாது. தராவாவில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் சொன்னால் செல்லும். நல்ல ஏற்பாடு.

போன வருடம் அரிசிக் கப்பல் ஏழு வாரம் வரவில்லை. ஊர் எதைத் தின்றது? தென்னந்தோப்பை அப்பா உனக்குத்தான் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது குழி ஒன்றுதான். மனேயபாவில் நம் வீட்டு இடத்தில் நான் உட்காருவதும் விருந்தில் என் பெயர் கூப்பிடப்படுவதும் அந்தக் குழியை வைத்துத்தான். என் புருஷன் கப்பலிலிருந்து பணம் அனுப்பி இரண்டு வருடமாகிறது. அது உனக்குத் தெரியும்.

ஆகவே இது புபுசி. விளையாட்டாகக் கேட்கவில்லை. சொந்தம் கேட்கும் புபுசியை மறுத்தவன் ஊரில் தலை காட்ட முடியாது. அந்த ஏழு என்ற எண்ணை மாற்று.

கையெழுத்து யாருடையது என்றும் கேட்டிருந்தேன். உன் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

ரகேரா

---

பைரிக்கி
2 மே

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. முதுகுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடுபண்ணித் தேய். தைனாவுக்கு இரண்டு பென்சில் வைத்திருக்கிறேன்.

விசாரித்தேன். கால் எக்டேருக்குக் குறைந்த எதையும் இந்த வரைபடத்தில் தனியாகக் காட்ட முடியாது. ஒவ்வொரு குழியும் சிறியது. அதனால் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்து ஒரே துண்டாக்கிவிட்டார்கள். இதுதான் விதி. கிரெய்க் ஊருக்குப் போயிருக்கிறார், வர பதினைந்து நாளாகும். அவர் வந்ததும் கேட்கிறேன்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

பௌரோ

---

அபெமாமா
8 மே

பௌரோ,

மௌரி. எண்ணெய் வந்தது. நலம்.

சேர்த்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த 'ஆர்கள்'?

உனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். நீ போடும் 'பி' எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும். நீயே சொல்வாய் என்று இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்க மாட்டேன்.

ரகேரா

---

பைரிக்கி
30 மே

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. உன் உடம்பைப் பற்றிக் கேட்கும் முகம் எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

அது என் கையெழுத்துதான். அபெமாமாத் தாள் முழுவதும் நான் செய்தது.

குழிகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நம் குழி ஓரத்தில் சாய்ந்து நிற்கும் தாழை மரத்தின் நிழல்கூடத் தெரிந்தது. கணினி ஏழு என்றது, கைட்டுவின் தாளும் தண்ணீர் என்றது. கிரெய்க் பின்னால் வந்து நின்று, "இதென்ன பௌரோ, குளமா?" என்று கேட்டார். இல்லை, பயிர் என்று சொல்லியிருந்தால் என்ன பயிர், எத்தனை, எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற மனிதர். நம் வீட்டுக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியாளிடம் சொல்வதா? வாய் வரவில்லை. "ஆமா, அப்படித்தான்" என்றேன். சாப்பாட்டு நேரம். அன்றைக்கு இன்னும் இரண்டு தீவு முடிக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கைட்டுவைத் திட்டினேன். அவன் பாதையில் நின்று செய்ததைத்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

இப்போது மாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. திருத்தத் தாள் நாற்பத்து மூன்று இத்துடன் இருக்கிறது, குழிக்கு ஒன்று. நீளம், அகலம், எத்தனை செடி, இலை எவ்வளவு உயரம், எப்படி வளர்கிறது என்று ஒரு சிறு படம், இரண்டு சாட்சிக் கையெழுத்து. அவரவர் குழியை அவரவர் எழுதினால் செல்லாது. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ஆள் இறங்கி அளக்க வேண்டும். ஜூலை 31க்குள் இங்கே வந்து சேர வேண்டும். மணல் தோணி ஆகஸ்டில் புறப்படுகிறது.

நானே வர வேண்டும் என்று நீ சொல்வாய். விடுப்புக் கேட்டேன். போனால் ஒப்பந்தம் முடிந்தது என்கிறார்கள்.

மன்னித்துக்கொள்.
பௌரோ

---

அபெமாமா
8 ஜூலை

பௌரோ,

மௌரி. நான் உயிரோடுதான் இருக்கிறேன். ஐந்து வாரம் எழுதாததற்குக் காரணம் இந்தக் கட்டு. அவிழ்த்துப் பார்க்குமுன் இதைப் படி.

உன் தாள்களை மனேயபாவில் தபேரா படித்தான். ஒரே ஆள் எல்லாக் குழியிலும் இறங்க வேண்டும் என்றதும் கூட்டம் எழுந்து நின்றது. மாமன் குழியை மருமகன் பார்க்காத ஊர் இது. எந்த இலையை எத்தனை நாள் காயவைத்துக் கூடையில் போடுகிறான் என்பதைச் சாகும்போதுதான் மகன் காதில் சொல்கிறான்.

"கைட்டு இறங்கட்டும்."

"ஏன், அவங்கம்மா வீட்டுல குழி இல்லையா? நாளைக்கு வடக்கூர்ல நம்ம கிழங்கு மொளைக்கும்."

"பௌரோ வரட்டுமே. அவன்தானே கெடுத்தான்?"

"அவனும் குழி இருக்குற வீட்டுப் பிள்ளை, பாத்ததை அங்க நடுவான். அதோட அவன் வந்தா அதுக்கும் ஒரு நம்பர் போடுவான்."

"அப்போ மணல் வரட்டும். மூடிட்டுப் போகட்டும். என் அப்பன் குழியை இன்னொருத்தன் பாக்குறதுக்கு மூடுறதே மேல்!"

இதைச் சொன்னது தெகாயி. நாலு பேர் ஆமாம் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. கிழவர்களின் ரகசியத்துக்காகப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா? இப்படியே இரண்டு மத்தியானம் போனது. மூன்றாவது நாள் நான் ஓரத்தில் இருந்து பேசினேன். பெண்கள் அங்கே எழுந்து பேசுவதில்லை. உட்கார்ந்தே பேசினேன்.

"நான் இறங்குறேன்."

"உனக்கும் குழி இருக்கேம்மா."

"என் குழி செத்து மூணு வருஷம் ஆச்சு."

உனக்கும் சொல்லாததை அங்கே சொன்னேன். மூன்று வருடம் முன்னால் வந்த பெரிய அலையில் கடல் தண்ணீர் குழிக்குள் வந்தது. ஒரே மாதத்தில் எல்லாச் செடியும் அழுகின. யாரும் எட்டிப் பார்க்காத ஊர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் போவேன், குழி ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

"போன கிறிஸ்துமஸுக்கு இவ்வளவு பெரிய கிழங்கு கொண்டாந்தியே, அது?"

"பெரேதா குழியுது. பாய் முடைஞ்சு குடுத்து வாங்கினேன். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான்."

பக்கத்து வீட்டுப் பெரேதா தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தி சிரித்தாள். உனக்கு அனுப்பியதும் பெரேதா குழிக் கிழங்குதான். உன் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"இந்த ஊருல எதுவும் நட இடமில்லாதவ நான் ஒருத்திதான். உங்க வித்தையத் திருடி நான் எங்க கொண்டு போய் நடப்போறேன்?"

கடைசியில் தெகாயி கேட்டார்.

"நாளைக்கே நீ குழியச் சரி பண்ணிட்டா?"

"பண்ண மாட்டேன்."

"இப்போ சொல்லுவ. எல்லாத்தையும் பாத்த பிறகு கை சும்மா இருக்காது."

ஆகவே சத்தியம் கேட்டார்கள். செய்தேன். இனி நான் பபாய் நட மாட்டேன். தைனாவும் நட மாட்டாள். எந்தக் குழியிலும் எந்தத் தீவிலும் நட மாட்டோம். தைனா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சத்தியம் என்றால் என்ன புரியும்? இருந்தாலும் அவளையும் சொல்ல வைத்தார்கள்.

பதினெட்டு நாள் இறங்கினேன். சேறு, கொசு, பாறை கிழித்த கால். ஒவ்வொரு குழியிலும் சொந்தக்காரர் மேலே நின்று என் கண் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'எப்படி வளர்கிறது என்று ஒரு சிறு படம்' என்ற கட்டத்தில் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி மூன்று இலைதான் வரைந்திருக்கிறேன். அதற்கு மேல் உன் கிரெய்க்குக்குக் கிடையாது.

பன்னிரண்டாம் குழியில் இறங்கி நின்றபோது என் குழி ஏன் செத்தது என்று தெரிந்தது. காப்பாற்றியிருக்கலாம். அதை உனக்கும் எழுத மாட்டேன்.

முப்பத்தொன்றாம் தாள் நம்முடையது. 'தண்ணீர். செடி இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அது ஒன்றில் மட்டும் நீ போட்ட ஏழு சரி.

விமானி கையில் கொடுத்தனுப்புகிறேன். நனையாமல் எடு.

ரகேரா

---

பைரிக்கி
1 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று வருடம் எனக்கு அனுப்பிய கிழங்கெல்லாம் உன் முதுகில் இருந்து வந்தது என்று தெரியாமல் ருசி சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். கால் காயம் ஆறியதா?

தாள்களை நேற்றுச் சமர்ப்பித்தேன். கிரெய்க் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "யார் செஞ்சது இது? என் ஆளுங்க யாருமே இப்படிச் செய்யலையே" என்றார். என் அக்கா என்றேன். குழிகளுக்கென்று தனி எண் போட ஒத்துக்கொண்டார். நம் நாட்டில் இப்போது எட்டு இருக்கிறது. கையெழுத்து என்னுடையது, தெரிந்தே போட்டேன் என்றும் சொன்னேன். டிசம்பருக்குப் பிறகு என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. முப்பத்தொன்றாம் தாளை மாற்றி எழுதிவிட்டேன். 'பதினெட்டுச் செடி' என்று போட்டேன். நாற்பத்து மூன்றும் எட்டாகிவிட்டன. நம் குழியை யாரும் தொட மாட்டார்கள். அப்பா உனக்குக் கொடுத்தது உன்னிடமே இருக்கட்டும். என் சம்பளத்தில் உப்புச் சேற்றை வாரி வெளியேற்றலாம். சத்தியமெல்லாம் கிழவர்கள் இருக்கும் வரைக்கும்தான். தைனா வளரும்போது யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

இது நான் உனக்குச் செய்ய வேண்டியது. வேண்டாம் என்று சொல்லாதே.

பௌரோ

---

அபெமாமா
18 ஆகஸ்ட்

பௌரோ,

மௌரி. கால் ஆறிவிட்டது.

திருத்திய பட்டியல் வந்தது. மனேயபாவில் தபேரா உரக்கப் படித்தான். குழி எண், பெயர், செடிக் கணக்கு. ஒவ்வொரு பெயரும் வரும்போது கை தட்டினார்கள். "முப்பத்தொன்று, ரகேரா, பதினெட்டுச் செடி" என்றான். கை தட்டல் நின்றது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

தெகாயி கோபப்படவில்லை. சாதாரணமாகக் கேட்டார்.

"அப்போ மத்த நாப்பத்திரெண்டும் இப்படித்தானா?"

அதற்கு நான் என்ன சொல்வது, சொல். பதினெட்டு நாள் சேற்றில் நின்று எண்ணியதை ஒரு வரியில் பொய்யாக்கிவிட்டாய். அந்தப் பட்டியலை யாராவது சரிபார்க்க வந்தால் முதலில் என் குழியைத்தான் பார்ப்பான். அங்கே தண்ணீர். பிறகு மற்றதை எவன் நம்புவான்? நாற்பத்திரண்டு குடும்பத்தின் சோறு. முதல் தடவை தெரிந்தே ஏழு போட்டாய். இப்போது தெரிந்தே எட்டுப் போட்டிருக்கிறாய். ஏமாந்தது இரண்டு தடவையும் நாங்கள்தான்.

எனக்குச் செய்தேன் என்று எழுதாதே. குழி இருந்தும் நட முடியாமல் ஒவ்வொரு காலையும் அதன் ஓரத்தில் போய் உட்காருவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாயா? மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிச் சரிசெய்வது என்று தெரியாதபோதே தாங்கவில்லை. இப்போது தெரியும். தெரிந்துகொண்டு உட்காரச் சொல்கிறாய். தைனாவைப் பொய்ச் சத்தியக்காரி ஆக்கவும் சொல்கிறாய்.

முப்பத்தொன்று தண்ணீர். தண்ணீர் என்றே எழுது.

ரகேரா

---

பைரிக்கி
20 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

மௌரி. நீயும் தைனாவும் எப்படி இருக்கிறீர்கள்? முதுகுவலி குறைந்ததா? மூன்று மாதமாக எழுதவில்லை. வெட்கத்தில்தான்.

உன் கடிதம் வந்த அன்றே மாற்றினேன். ஏன் மாற்றுகிறாய் என்று கிரெய்க் கேட்டார். பொய் எழுதியிருந்தேன், அதனால் மாற்றுகிறேன் என்றேன். வார்த்தைகள் கடுமையாக வந்தன, வாங்கிக்கொண்டேன். டிசம்பர் 18 கடைசி நாள். பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மீன் பதப்படுத்தும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்கிறார்கள்.

தோணி வந்துபோயிருக்கும் என்று தெரியும். அக்டோபரில் எடுத்த புதிய படம் இந்த வாரம் வந்தது. நாற்பத்திரண்டு குழியும் பச்சையாக அப்படியே இருக்கின்றன. முப்பத்தொன்று இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. கணினி ஐந்து என்கிறது, வெறும் மணல். ஆனால் ஓரத்தில் தாழை நிழலோடு வேறு ஏதோ நிழலும் விழுந்திருக்கிறது. கூரையா, மரமா, ஆட்களா, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் போவதற்குள் முடிக்க வேண்டிய கடைசித் தாள் அபெமாமா. இந்தத் தடவை தப்பாக எழுத மாட்டேன்.

அங்கே இப்போது என்ன இருக்கிறது? என்ன எண் போடட்டும்?

பௌரோ

---

அபெமாமா
1 டிசம்பர்

தம்பி பௌரோ,

மௌரி. நாங்கள் இருவரும் சுகம். முதுகு வலிக்கிறது. பாய் முடைவதை விடவில்லை, இப்போது யாருக்கும் தெரியாமல் முடைய வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

தோணி செப்டம்பர் ஒன்பதாம் தேதி வந்தது. நாற்பத்து மூன்று குழிக்கு என்று கொண்டுவந்த மணலில் ஒன்றுக்கு மட்டும் இறக்கிவிட்டு மீதியைத் தெற்கூருக்குக் கொண்டுபோனார்கள். அரை நாள் வேலை. இறக்க வந்தவர்களில் ஒருவன், "இதுல எதாவது வெளைஞ்சுதா அக்கா?" என்று கேட்டான். நாலு தலைமுறை விளைந்தது என்றேன். "அப்புறம் ஏன் மூடுறீங்க?" என்றான். உன் வேலையைப் பார் என்றேன். நல்லவன்தான். மணல் மட்டமாகும் வரை இருந்து கொத்திவிட்டுப் போனான்.

போன வாரம் தேவாலய விருந்தில் நான் அரிசி கொண்டுபோனேன். பத்துக் கிலோ மூட்டை, கடைவிலை. பெயர் கூப்பிடும்போது தெகாயி என்னை விட்டுவிடுவாரோ என்று இருந்தது. வழக்கமான இடத்தில் கூப்பிட்டார். எழுந்துபோய் வைத்தேன். என்ன கொண்டுவந்தேன் என்று அவர் உரக்கச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னார்.

சில வீட்டுக்காரர்கள் இப்போதும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நாற்பத்திரண்டு வீட்டு வித்தையும் இந்த மண்டைக்குள் இருக்கிறது. பெரேதா வீட்டுச் செடியில் இரண்டு நாளாக இலை பழுக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னால் அடுத்த வீட்டு ரகசியம். வாயை மூடிக்கொண்டு நடக்கிறேன்.

முப்பத்தொன்றில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அந்த நிழல் என்ன என்று கேட்டிருக்கிறாய். என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன். கைட்டு பாதையில் நின்று எழுதினான், நீ அங்கே உட்கார்ந்து எழுதினாய், பிறகு நான் எழுதியதை நீ மாற்றி எழுதினாய். இன்னொரு தடவையும் பார்க்காமல் பிறரைக் கேட்டு எழுத வேண்டாம்.

விமானம் செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. வந்து பார். பார்த்துவிட்டு எழுது.

அக்கா ரகேரா